ரெண்டாவது தடவையும் சிரிக்க வைக்கிற புத்தகங்கள்

என் அலமாரியில் முதுகு நைந்து, செலோடேப் ஒட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிற புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பெரிய விருது வாங்கியது கிடையாது. விருது வாங்கியவை எல்லாம் மேல்தட்டில் புத்தம் புதுசாக நிற்கின்றன. அதில் ஒன்றில் 112-ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறது. அதனால் "ஜாலியா, லேசா ஏதாவது படிக்கச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் நான் கீழ்த்தட்டுப் பக்கம்தான் கையைக் காட்டுவேன்.

என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றுதான். முதல் தடவை சிரிக்க வைக்கிற புத்தகம் நிறைய இருக்கிறது. கதை தெரிந்த பிறகும், எந்தப் பக்கத்தில் யார் வழுக்கி விழப்போகிறார் என்பது தெரிந்த பிறகும், ரெண்டாவது தடவை எடுத்தால் சிரிப்பு வருகிறதா? வந்தால் வாங்கலாம். இல்லையென்றால் இரவல் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். (திருப்பிக் கொடுங்கள். இதைப்பற்றிக் கடைசியில் வருகிறேன்.)

முதலில் லக்கி லூக் காமிக்ஸ். படிக்கிற பழக்கமே விட்டுப்போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்கு நான் கொடுக்கிற முதல் மருந்து இதுதான். ஒரு ஆல்பம், அதாவது ஒரு முழுக் கதைப் புத்தகம், ஐம்பது பக்கம்கூட வராது, ஒரே உட்காரலில் முடிந்துவிடும், முடித்தோம் என்கிற சந்தோஷமே அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும். பெல்ஜியத்துக்காரரான மோரிஸ் 1946-இல் உருவாக்கிய கௌபாய். தன் நிழலைவிட வேகமாகத் துப்பாக்கி எடுப்பவன் என்பது விளம்பரம். ஆனால் இந்தத் தொடர் நிஜமாகவே பற்றிக்கொண்டது 1955-இல் பிரெஞ்சு எழுத்தாளர் கோஸின்னி கதை எழுத வந்த பிறகுதான். அவர் 1977-இல் இறக்கிற வரைக்கும் எழுதியவற்றில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுக்கலாம். தமிழில் லயன் காமிக்ஸ் நிறையவே வெளியிட்டிருக்கிறது, அதனால் மொழியும் ஒரு சாக்காக ஆகாது.

லூக் நல்லவன், அமைதியானவன், சுட்டால் குறி தப்பாது. சொல்லப்போனால் கொஞ்சம் சலிப்பான ஆசாமி. அவனைச் சுற்றியிருப்பவர்கள்தான் விஷயம். அவனுடைய குதிரை ஜாலி ஜம்பர் சதுரங்கம் ஆடும், எஜமானனைப்பற்றி நக்கலாக நினைத்துக்கொள்ளும். சிறைச்சாலைக் காவல் நாய் ரின் டின் கேனுக்கு மோப்பமும் கிடையாது, மூளையும் கிடையாது. கைதிகள் தப்பித்து ஓடும்போது அது யார் பின்னால் ஓடுகிறது, எதற்காக ஓடுகிறது என்று அதற்கே தெரியாது. அப்புறம் டால்டன் சகோதரர்கள். மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட கைதி உடையில், மாடிப்படி மாதிரி உயர வரிசையில் நான்கு பேர். குட்டையாக இருக்கிற ஜோவுக்குத்தான் கோபம் உச்சந்தலையில் இருக்கும். ஆளுயரம் கூடக் கூட அறிவு குறைந்துகொண்டே போய், ஒட்டடைக்குச்சி அவெரலிடம் வரும்போது பசி மட்டும்தான் மிச்சம். ஜோ கொதித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அவெரல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பான். இது டால்டன்கள் வருகிற ஆல்பங்களில் எல்லாம் வரும், வரப்போகிறது என்று நமக்குத் தெரியும், அந்தக் கட்டம் நெருங்க நெருங்க உதடு தானாக விரியும்.

இந்த டால்டன்கள் நிஜமாகவே இருந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1892 அக்டோபர் 5-ஆம் தேதி கான்சாஸ் மாகாணத்தில் காஃபிவில் என்ற ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போய், ஊர்க்காரர்களே துப்பாக்கி எடுத்துச் சுட்டதில் கும்பலில் நான்கு பேர் செத்தார்கள். எம்மெட் டால்டன் மட்டும் உடம்பெல்லாம் குண்டுக் காயத்தோடு பிழைத்து, 14 வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்து, பின்னாளில் புத்தகமே எழுதினார். மோரிஸ் முதலில் இந்த நிஜ டால்டன்களை வைத்துத்தான் கதை போட்டார், போட்ட வேகத்தில் கடைசியில் அவர்களைச் சாகடித்தும்விட்டார். அப்புறம்தான் எவ்வளவு நல்ல வில்லன்களை வீணடித்துவிட்டோம் என்பது உறைத்திருக்கிறது. செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? கோஸின்னி வந்து, "அவர்களுக்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களைவிட அசடுகள்" என்று ஒரு போடு போட்டார். நாம் இன்றைக்குப் பார்த்துச் சிரிக்கிற நால்வர் அந்தச் சொந்தக்காரர்கள்தான். தமிழ் சீரியல்காரர்கள் இரட்டைப் பிறவி கொண்டுவருகிற அதே தந்திரம், கொஞ்சம் வெட்கமே இல்லாமல்.

ஓவியத்தில் ஒன்று கவனியுங்கள். மோரிஸ் ஒரு படக் கட்டத்தில் கூட்டத்தையே முழுக்க நீலமாகத் தீட்டியிருப்பார், அடுத்த கட்டத்தில் ஒரு ஆள் தலை முதல் கால் வரை சிவப்பாக இருப்பான். முதல் தடவை அச்சில் ஏதோ தப்பு என்றே நினைத்தேன். இரண்டாவது தடவைதான் புரிந்தது, கண் எங்கே போகவேண்டுமோ அங்கே தள்ளுவதற்காக மனுஷன் வேண்டுமென்றே செய்திருக்கிறார். இன்னொன்று, பழைய கதைகளில் லூக்கின் உதட்டில் சிகரெட் தொங்கும். 1983-இல் அதை எடுத்துவிட்டு ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுத்தார்கள், அதற்காக உலக சுகாதார நிறுவனம் மோரிஸைப் பாராட்டிக் கௌரவித்ததும் நடந்தது. குறையையும் சொல்லிவிடுகிறேன். செவ்விந்தியர்களையும் சீன சலவைக்காரர்களையும் வரைந்திருக்கிற விதம் அந்தக் காலத்துக் கேலிதான், இன்றைக்குப் பார்த்தால் நெளிய வைக்கும். குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

சரி, ஆஸ்ட்ரிக்ஸ். எழுதியவர் அதே கோஸின்னி, படம் உடெர்ஸோ. 1959 அக்டோபர் 29-ஆம் தேதி 'பிலோத்' பத்திரிகையின் முதல் இதழிலேயே ஆரம்பித்த தொடர். கி.மு. 50, ரோமானியர்கள் கால் தேசம் (இன்றைய பிரான்ஸ்) முழுவதையும் பிடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கிராமம் மட்டும் மடங்கவில்லை. இவ்வளவுதான் கதை, எல்லாப் புத்தகத்துக்கும் இதேதான். சண்டை, பயணம், கடைசிப் பக்கத்தில் விருந்து, விருந்தில் பாட்டுக்காரன் பாடிவிடாமல் இருக்க அவனைக் கட்டிப் போட்டிருப்பார்கள்.

என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. கால் தேசத்தைச் சுற்றிவருகிற ஆல்பம் ஒன்று உண்டு, அதில் லுட்டேஷியா நகரத்தில், இன்றைய பாரிஸில், ஒரு கடை வாசலில் சின்ன வெள்ளை நாய்க்குட்டி ஒன்று நிற்கும். ஒரு வசனம் கிடையாது, யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து கிராமத்து வீரன் ஆஸ்ட்ரிக்ஸும் அவன் நண்பன் ஒபெலிக்ஸும் போகிற இடமெல்லாம் கட்டத்தின் ஒரு மூலையில் அது பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். கடைசிப் பக்கத்து விருந்தில்தான் ஒபெலிக்ஸ் அதைக் கவனிக்கிறான். நான் முதல் தடவை படித்தபோது கடைசிப் பக்கத்தில் "இது எங்கேயிருந்து வந்தது?" என்று முழித்து, திரும்ப முதலிலிருந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். பாலத்தின் மேல், மரத்துக்குப் பின்னால் என்று அந்த வெள்ளைப் புள்ளி எல்லா இடத்திலும் இருந்தது. அன்றைக்கு முழுப் புத்தகத்தையும் கதையைப் படிக்காமல் நாயை மட்டும் படித்தேன். சும்மா ஒரு விளையாட்டுக்காக வரைந்த அந்த நாய் வாசகர்களுக்குப் பிடித்துப்போய், தொடரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பெயரையும் வாசகர் போட்டி வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பெயர் பிரெஞ்சில் இதெஃபிக்ஸ். விடாப்பிடியாக மண்டையில் உட்கார்ந்துவிட்ட எண்ணம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லோடு சிலேடை. இதை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோவது? அன்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் இருவரும் சேர்ந்து 'டாக்மேட்டிக்ஸ்' என்று வைத்தார்கள். பிடிவாதக் கொள்கையும் உள்ளே இருக்கிறது, நாயும் உள்ளே இருக்கிறது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு ஒரு படி மேலே போன இடம் என்று தாராளமாகச் சொல்வேன். மொழிபெயர்ப்பு என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த ஒரு பெயரை வைத்து மனசை மாற்றிக்கொள்ளலாம்.

கடற்கொள்ளையர்கள் வருகிற கட்டங்களும் அப்படித்தான். ஆஸ்ட்ரிக்ஸைப் பார்த்தால் அவர்கள் கப்பல் முழுகும், ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் முழுகும், ஒரு புத்தகத்தில் அடிவாங்குகிற சிரமத்தை மிச்சம் பிடிக்கத் தாங்களே ஓட்டை போட்டு முழுகடித்துக்கொள்வார்கள். அதே பிலோத் பத்திரிகையில் அப்போது வந்துகொண்டிருந்த 'பார்ப்-ரூஜ்' என்ற சீரியஸான கொள்ளையர் தொடரைக் கிண்டலடித்ததுதான் இது. இன்றைக்கு அந்த அசலைப் படிக்காதவர்களும் நகலைப் பார்த்து உருண்டு சிரிக்கிறார்கள்.

கோஸின்னி எழுதிய 24 ஆல்பங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அவருக்குப் பிறகு உடெர்ஸோ தனியாகவே எழுதி வரைந்தவற்றில் படம் குறையவில்லை, பேச்சுதான் குறைந்துவிட்டது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம். இந்த இடத்தில் பெல்ஜியம் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதை வரைந்துகொண்டிருக்கும்போதுதான் கோஸின்னி இறந்துபோனார், வயது 51. உடெர்ஸோ என்ன செய்தார் என்றால், அதுவரை வெயில் அடித்துக்கொண்டிருந்த கதையில் அந்த இடத்திலிருந்து வானத்தைச் சாம்பல் நிறமாக்கி மழை பெய்ய வைத்துவிட்டார். கதையில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது, மழை பெய்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். கிச்சுகிச்சு மூட்டுகிற புத்தகம் ஒன்று இப்படி நடுவில் தொண்டையை அடைக்க வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வேண்டுகோள், இவற்றை ஃபோனில் படிக்காதீர்கள். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டுகிற வசதி இருக்கிறது, எனக்கும் தெரியும், நானும் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக வரும்போது பக்கத்தின் மூலையில் என்ன இருக்கிறது என்பதே போய்விடுகிறது. நாய்க்குட்டி போச்சு. வலதுபக்கத்துக் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும், யார் என்று பார்க்கத் தாளைத் திருப்புவோமே, அந்த ஒரு நொடியும் போச்சு. டேப்லெட்டில் முழுப் பக்கமாக வைத்துப் படித்தால் பரவாயில்லை. காமிக்ஸில் சிரிப்பு பாதி தாள் திருப்பும்போதுதான் வருகிறது.

டின்டின் எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒன்றே ஒன்று. நிலாவுக்குப் போனது, திபெத்துக்குப் போனது எல்லாம் நல்ல சாகசங்கள், படியுங்கள். ஆனால் டின்டினை உருவாக்கிய எர்ஜேவின் கைவண்ணத்தைப் பார்க்கவேண்டுமானால் 1963-இல் புத்தகமாக வந்த காஸ்டஃபியோரின் மரகதம் பற்றிய கதையை எடுங்கள். 62 பக்கம், யாரும் எங்கேயும் போகமாட்டார்கள், வில்லன் கிடையாது, எல்லாம் டின்டினின் நண்பர் கேப்டன் ஹேடாக்கின் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி உடைந்திருக்கிறது. கேப்டன் கொத்தனாருக்கு ஃபோன் போடுகிறார், இதோ வருகிறேன் என்கிறார். வரவில்லை. அந்தப் படியில் ஒவ்வொருவராக வழுக்குகிறார்கள், கேப்டனுக்கே கால் சுளுக்கி சக்கர நாற்காலியில் உட்காரவேண்டியதாகிறது. கொத்தனார் இன்னும் வரவில்லை. இதற்கு நடுவே கசாப்புக்கடைக்குப் போகவேண்டிய ஃபோன் அழைப்பெல்லாம் இங்கே வருகிறது, இங்கிருந்து வேறு யாருக்காவது ஃபோன் போட்டால் அது கசாப்புக்கடைக்குப் போகிறது. பாடகி காஸ்டஃபியோர் கேப்டனை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயரில் கூப்பிடுகிறார், ஒரு தடவைகூடச் சரியான பெயர் கிடையாது. வீட்டில் ஏதாவது ரிப்பேர் வேலை செய்து பார்த்தவர்களுக்கு இது காமெடி கதையாகவே தெரியாது, நேரடி ஒளிபரப்பாகத் தெரியும். மரகதத்தை யார் எடுத்தது என்று நான் சொல்லமாட்டேன்; ரெண்டாவது தடவை படிக்கும்போது அதற்கான துப்பு எவ்வளவு சீக்கிரமே கண்ணெதிரில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து உங்களையே திட்டிக்கொள்வீர்கள். தொடரின் ஆரம்ப கால காங்கோ கதையை மட்டும் முதலில் எடுக்கவேண்டாம். ஆப்பிரிக்கர்களைக் காட்டியிருக்கிற விதம் எரிச்சல் மூட்டும்.

இரும்புக்கை மாயாவியைச் சேர்க்காவிட்டால் என்னை உயிரோடு விடமாட்டார்கள். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான், ஒரு தலைமுறைக்கே காமிக்ஸ் என்றால் மாயாவிதான். விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். சட்டை பேன்ட் எப்படி மறைகிறது என்று பத்து வயதில் நான் கேட்கவில்லை, இப்போது படிக்கும்போது அதைத் தவிர வேறெதுவும் தோன்றமாட்டேன் என்கிறது. என் அளவுகோலில் தேறாது. ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் காற்றில் தனியாக மிதந்து வருகிற கை இன்னும் ஜில்லென்றுதான் இருக்கிறது. பழைய ஞாபகம் இருப்பவர்கள் வாங்கலாம், புதிதாக வருபவர்கள் லக்கி லூக்கிடம் போகலாம்.

காமிக்ஸ் அல்லாத புத்தகங்களுக்கு வருவோம். கோஸின்னியிடமிருந்து நேராக இறங்க ஒரு படிக்கட்டு இருக்கிறது, அவரும் சாம்பேயும் சேர்ந்து செய்த குட்டி நிக்கோலா கதைகள். ஒரு பையன் சொல்கிற மாதிரி, மூச்சு விடாமல், அப்புறம் அப்புறம் என்று ஓடுகிற வாக்கியங்கள், நடுநடுவே சாம்பேயின் கோட்டோவியங்கள். முதல் கதையில் வகுப்பு ஃபோட்டோ எடுக்க ஒருவர் வருகிறார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவதற்குள் ஒருவன் மூக்கில் குத்து விழுகிறது, ஒருவன் முகம் கழுவப் போகிறான், கண்ணாடி போட்ட பையனை அடிக்க முடியாது என்ற விதி வேறு. கடைசியில் எல்லாரும் ஒழுங்காக நின்று சிரிக்கும்போது பார்த்தால் ஃபோட்டோக்காரர் கிளம்பிப் போய்விட்டிருக்கிறார். நாலைந்து பக்கம்தான் ஒரு கதை. தூங்கப் போகிற முன் ஒன்று.

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையோடுதான் சிபாரிசு. அவருடைய சிரிப்பு சம்பவத்தில் கிடையாது, வாக்கியத்தில் இருக்கிறது, அதனால் வேகமாகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. 1938-இல் வந்த ஒரு நாவலின் கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், பசுமாடு வடிவத்தில் இருக்கிற ஒரு வெள்ளிப் பால் குவளை, அதை யார் யாரிடமிருந்து திருடுவது, அவ்வளவுதான். அதற்குள் ஒரு போலீஸ்காரர் தொப்பியும் காணாமல் போகும். புதியவர்கள் ஜீவ்ஸ் என்ற புத்திசாலி வேலைக்காரர் வருகிற சிறுகதைகளில் ஆரம்பியுங்கள். வரிசையாக மூன்று புத்தகம் படித்துவிடாதீர்கள், மூன்றாவதில் இதை ஏற்கெனவே படித்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும்.

நம் ஆளும் ஒருவர் உண்டு, தேவனின் துப்பறியும் சாம்பு. வங்கி குமாஸ்தாவாக இருந்த அசடு, துப்பறிவாளராகிவிடுகிறார். அவர் எதையும் கண்டுபிடிப்பதே இல்லை. ஏதோ உளறுவார் அல்லது எங்கேயோ இடறி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான், "ஆஹா, எப்படி யோசித்திருக்கிறார்!" என்று இன்ஸ்பெக்டர் கோபாலன் வாயைப் பிளப்பார். துப்பறியும் கதைகளையே கிண்டலடிக்கிற துப்பறியும் கதை என்பதால், முடிவு தெரிந்தாலும் ஒன்றும் குறையாது.

நிஜமான துப்பறியும் கதைகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் பத்தில் ஒன்பது புத்தகம் வெறும் தாள். இதில் எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது, பழைய புத்தகமாக வாங்கிய ஒரு கிறிஸ்டி நாவலில் முன்னால் வைத்திருந்த புண்ணியவான் 40-ஆம் பக்கத்திலேயே ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு "இவன்தான்" என்று எழுதி வைத்திருந்தார். கடுப்போடு கடைசிவரை படித்தேன். அவன் இல்லை! அந்தப் பென்சில்காரரும் ஏமாந்திருக்கிறார் என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே. கிறிஸ்டியில் 1926-இல் வந்த ரோஜர் அக்ராய்ட் நாவல் மட்டும் விதிவிலக்கு, அதை முடிவு தெரிந்த பிறகு திரும்பப் படித்தால்தான் ருசியே. ஒரு பொய்கூடச் சொல்லாமல் நம்மை எப்படி ஏமாற்றியிருக்கிறார் என்று வரிவரியாகத் தெரியும். அதைப்பற்றி இதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்காமல் படித்துவிடுங்கள். சிமெனானின் மெக்ரே நாவல்களும் தேறும், 75 இருக்கின்றன, எல்லாம் ஒல்லி. அவற்றில் யார் செய்தது என்பது முக்கியமில்லை, அந்த இன்ஸ்பெக்டர் பைப்போடு ஒரு ஓட்டலில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும்.

ஒரு பையனும் அவனுடைய புலிப் பொம்மையும் வருகிற கால்வின் அண்ட் ஹாப்ஸ் காமிக்ஸைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, 1985 முதல் 1995 வரை பத்தே வருஷம் வரைந்துவிட்டு வாட்டர்சன் நிறுத்திக்கொண்டார், பொம்மையாகவும் சட்டையாகவும் விற்க அனுமதி கேட்டவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். பனிமனிதர்கள் வருகிற பக்கங்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.

இரவல் விஷயம். பெல்ஜியம் ஆல்பத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேனே, அது இப்போது என்னிடம் இல்லை. ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், மூன்று வருஷம் ஆகிறது, கேட்டால் "பாதியில் இருக்கிறேன்" என்கிறார். ஐம்பது பக்கம் வராத புத்தகத்தில் பாதி! அவர் இதைப் படிக்கக்கூடும். புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மழை எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு மறந்துவிட்டது.